தேடிப்போகும் தவமா, தேடிவரும் தவமா?

ஈஸ்டருக்கு முன் வரும் நாற்பது நாள் தவக்காலத்தில் அசைவத்தை விடுவது, காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடப்பது எல்லாம் நாமே தேர்ந்தெடுக்கும் ஒறுத்தல்கள், அதாவது இறைவனுக்காக ஏற்கும் கஷ்டங்கள். உடல் கட்டுக்குள் வரும், மனம் உறுதிப்படும். ஆனால் எதை, எப்போது, எவ்வளவு என்று முடிவு செய்வது நாம்தான், ஊரும் பார்க்கிறது.

அன்றாடக் கடமை கொண்டுவரும் ஒறுத்தலில் அந்தச் சலுகை இல்லை. பிரான்சின் லிசியே நகரக் கார்மேல் சபைக் கன்னியர் மடத்தில் 15 வயதில் சேர்ந்து, 1897-இல் 24 வயதில் இறந்த குழந்தை இயேசுவின் தெரேசா இந்த வழியில் போனவர். துணி துவைக்கும்போது எதிரே இருந்த சகோதரி அழுக்குத் தண்ணீரை அவர் முகத்தில் தெறிக்க விட்டுக்கொண்டே இருந்தார். பின்வாங்கி முகத்தைத் துடைத்திருந்தால் அந்தச் சகோதரிக்கு உறைத்திருக்கும். தெரேசா துடைக்கவில்லை, எரிச்சலையும் காட்டவில்லை. தியான நேரத்தில் பின்னாலிருந்து வந்த ஓயாத சத்தத்தையும் அப்படியே ஏற்றுக்கொண்டார். திருச்சபை அவரை 1997-இல் மறைவல்லுநராக, அதாவது விசுவாசத்தைக் கற்பிக்கும் பேராசானாக, அறிவித்தது.

நோன்பே வேண்டாம் என்பதல்ல. தவக்காலத்தின் முதல் நாளான சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் திருச்சபையே விதித்த நோன்பு நாட்கள். ஆனால் கடினமானது அன்றாடக் கடமையில் தேடிவரும் ஒறுத்தல்தான் என்பேன். நாற்பது நாள் இறைச்சியைத் தொடாதவர், சோறு ஆறிவிட்டதென்று மனைவியிடம் சீறுவதை நம் வீடுகளிலேயே பார்க்கலாம்.