கார் பழக டிரைவிங் ஸ்கூலா, வீட்டு வண்டியா, பயிற்சி மையமா?

பதினெட்டு முடிந்து எல்.எல்.ஆர். கைக்கு வந்த அன்றே வீட்டில் பேச்சு தொடங்கிவிடும். தெருமுனை டிரைவிங் ஸ்கூலில் சேர்ப்பதா, அப்பாவோ மாமாவோ சொந்த வண்டியிலேயே சொல்லிக்கொடுத்துவிடுவதா? 2021 ஜூலையிலிருந்து மூன்றாவதாக ஒன்றும் சேர்ந்திருக்கிறது: அரசு அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சி மையம். மூன்றையும் கட்டணத்தை வைத்து ஒப்பிடுவதுதான் வழக்கம். ஆனால் கார் ஓட்டுவதில் முதலில் பழகுவது கால், பிறகுதான் கண். எந்த இடம் எதைப் பழக்குகிறது என்று பார்த்தால் முடிவெடுப்பது எளிது.

பதினெட்டு ஆகாத பிள்ளைக்கு இந்தக் கேள்வியே எழக்கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவின்படி, சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்தாகும். அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. "காலி ரோடுதானே, ஒரு ரவுண்டு" என்பதற்குக் கொடுக்கும் விலை இது.

முதல் பத்து மணி நேரம்

இதில் தயக்கமே வேண்டாம்: டிரைவிங் ஸ்கூலின் டபுள் கண்ட்ரோல் வண்டிதான். மாஸ்டரின் காலடியிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் இருக்கும். முதல் வாரத்தில் நடக்கும் தவறுகள் எல்லாருக்கும் ஒன்றுபோலவே இருக்கும். பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை அழுத்துவது, திருப்பத்தில் ஸ்டியரிங்கை ஒடித்துவிட்டு நேராக்க மறப்பது, எதிரே பஸ் வந்ததும் கைகால் உறைந்துபோவது. இவற்றுக்கு மாஸ்டரின் கால் அரை நொடியில் பதில் சொல்லும்.

வீட்டு வண்டியில் பக்கத்து சீட்டுக்காரருக்கு இருக்கும் ஒரே ஆயுதம் ஹேண்ட்பிரேக். அது பின் சக்கரங்களை மட்டும் பிடிக்கும். 20 கி.மீ. வேகத்துக்குள் உதவும், அதற்கு மேல் திருப்பத்தில் வெடுக்கென்று இழுத்தால் வண்டியின் பின்பக்கம் வழுக்கி ஒதுங்கும். புது வண்டிகள் பலவற்றில் லீவரே இல்லை, பட்டன்தான். ஓடும் வண்டியில் பெரும்பாலும் அதை இழுத்துப் பிடித்தபடி இருந்தால்தான் பிரேக் வேலை செய்யும்; பதற்றத்தில் ஒரு தட்டு தட்டிவிட்டுக் கையை எடுத்தால் பயனில்லை. அப்படிப்பட்ட வண்டியை முதல் பாடத்துக்கு எடுக்கவே கூடாது.

ஆனால் டபுள் கண்ட்ரோலுக்கும் ஒரு குறை உண்டு. வண்டி ஆஃப் ஆகி நடுரோட்டில் நின்றால் பின்னால் ஹாரன் அடிப்பார்கள் என்று மாஸ்டரே சத்தமில்லாமல் கிளட்சை மிதித்துக் காப்பாற்றிவிடுவார். பத்து நாளும் வண்டி ஒரு தடவைகூட ஆஃப் ஆகவில்லை என்றால், கிளட்சைப் பழகியது பிள்ளையின் கால் அல்ல. மூன்றாம் நாளே மாஸ்டரிடம் கேட்டுவிடலாம்: "சார், பத்து நிமிஷம் ரெண்டு காலையும் பின்னால வச்சுக்குங்க, ஆஃப் ஆனா ஆகட்டும்." சமதளத்தில் ஆக்சிலரேட்டரைத் தொடாமல், கிளட்சை மட்டும் மெல்ல விட்டு, வண்டி லேசாக அதிர்ந்து நகரத் தொடங்கும் அந்தப் புள்ளியில் காலை நிறுத்தச் சொல்ல வேண்டும். இருபது தடவை நிற்பதும் நகர்வதுமாகச் செய்தால் கால் அந்த இடத்தை மறக்காது. மேட்டில் வண்டி பின்னால் உருளும் பயமும் இதிலேயே பாதி போய்விடும்.

நேரக் கணக்கையும் கேளுங்கள். மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி சொந்த உபயோக வண்டிகளுக்கான பயிற்சி 21 நாளுக்குக் குறையக்கூடாது. ஸ்டியரிங் பிடித்து ஓட்டும் நேரம் 10 மணிக்குக் குறையக்கூடாது. தினம் அரை மணி என்றால் 21 நாளில் பத்தரை மணி வரும். 15 நாள் பேக்கேஜ் என்றால் ஏழரைதான். ஒரே வண்டியில் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு, பின்சீட்டில் உட்கார்ந்திருக்கும் நேரத்தையும் வகுப்பாகக் கணக்கிடும் இடங்கள் உண்டு. ஏறும்போதும் இறங்கும்போதும் ஓடோமீட்டரைக் குறித்துக்கொண்டால் உண்மை தெரிந்துவிடும்.

இன்னொன்று, டெஸ்டுக்காகச் சொல்லித்தரும் குறுக்குவழி. "பின்கண்ணாடி ஓரத்துல அந்தக் கம்பி தெரிஞ்சதும் ஸ்டியரிங்க முழுசா ஒடி" என்பார்கள். அந்தக் கம்பி அந்த மைதானத்தில், அந்த வண்டியில், அந்த சீட் உயரத்தில்தான் தெரியும். வீட்டு போர்டிகோவில் ரிவர்ஸ் எடுக்கும்போது சுவரில் இடிப்பது இதனால்தான். ரிவர்ஸை மூன்று கண்ணாடிகளையும் மாறி மாறிப் பார்த்தே பழக வேண்டும்.

பயிற்சி மையம்

கார் பயிற்சி இங்கே மொத்தம் 29 மணி நேரம், 4 வாரத்துக்குள். அதில் 8 மணி பாடம், 21 மணி செய்முறை. சிமுலேட்டரும் தனி டிராக்கும் இருக்கும். தேர்ச்சிச் சான்றிதழ் பெற்றால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஓட்டிக்காட்டும் டெஸ்ட் தேவையில்லை. பலர் இந்தக் கடைசிக் காரணத்துக்காகவே சேர நினைக்கிறார்கள். சேர வேண்டிய காரணம் அந்த 21 மணி நேரம். தெருமுனைப் பள்ளியைப் போல இரு மடங்கு. பக்கத்து ஊரிலேயே மையம் இருந்து, கட்டணமும் கட்டுப்படியானால் தயங்காமல் இதையே எடுக்கலாம். சிமுலேட்டர் கிளட்ச், கியர் வரிசையைக் காலுக்கும் கைக்கும் புரியவைக்கும். பால் வண்டிக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் நடுவே நம் கார் நுழையுமா என்ற அகலக் கணக்கை அது தராது. மாருதி போன்ற கார் நிறுவனத்தின் பெயரில் நடக்கும் பள்ளிகளின் சிமுலேட்டருக்கும் இது பொருந்தும்.

வீட்டு வண்டி: இரண்டாம் பாதி

எல்.எல்.ஆர். எடுத்து 30 நாள் கழித்து டெஸ்டுக்குப் போகலாம். 6 மாதம் வரை அது செல்லும். அவசரப்பட்டு 31ஆம் நாளே போகாமல், அந்த ஆறு மாதத்தில் பெரும்பகுதியை வீட்டு வண்டிக்குக் கொடுப்பதே நல்லது. கண் பழகுவது இங்கேதான். எந்தப் பள்ளியும் இரவு எட்டு மணி மழையில் கூட்டிப்போவதில்லை.

வெள்ளைப் பின்னணியில் சிவப்பு 'எல்' முன்னும் பின்னும் இருக்க வேண்டும், பலகை 18 செ.மீ. சதுரத்துக்குக் குறையாமல். பக்கத்தில் லைசென்ஸ் உள்ளவர், வண்டியை நிறுத்தக்கூடிய இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். இது மத்திய விதி 3. கார் இன்சூரன்ஸ் பாலிசியின் ஓட்டுநர் நிபந்தனையும் எல்.எல்.ஆர். காரருக்கு இதே விதியைத்தான் காட்டுகிறது. பலகை இல்லாமல் போய் இடித்தால் கிளெய்ம் சிக்கலாகும்.

யார் சொல்லித்தருவது? முப்பது வருடம் ஓட்டியவர் என்பது தகுதி ஆகாது. பொறுமையாகவும் முன்கூட்டியும் பேசத் தெரிந்தவர்தான் வேண்டும். பல வீடுகளில் அது அம்மாவாகவோ சித்தப்பாவாகவோ இருக்கும். "பார்த்து, பார்த்து!" என்பதில் எந்தத் தகவலும் இல்லை, எதைப் பார்ப்பது என்று பிள்ளை தேடுவதற்குள் சைக்கிள் பக்கத்தில் வந்துவிடும். திருப்பத்துக்கு 50 மீட்டர் முன்பே "கண்ணாடி பார், இண்டிகேட்டர் போடு, ரெண்டாவது கியர்" என்று சொல்லிவிட வேண்டும். ஆபத்துக்கு "பிரேக்" என்ற ஒரே சொல் என்று முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

பெரியவர்களின் பழக்கம் பிள்ளைக்குத் தொற்றும் என்பதே வீட்டுப் பயிற்சியின் பெரிய பலவீனம். கிளட்ச் மேலேயே காலை வைத்து ஓட்டினால் பிளேட் சீக்கிரம் தேயும். இறக்கத்தில் பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டால் எஞ்சின் பிடிமானம் போய், முழுச் சுமையும் பிரேக்கில் விழும். ஏற்காடு மாதிரி மலையில் பாதி வழியில் பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போவது இப்படித்தான். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும்.

கிளம்பும் முன் காலடியைப் பார்க்க வேண்டும். உருண்டு வந்த தண்ணீர் பாட்டில் ஒன்று பிரேக் பெடலுக்கு அடியில் சிக்கினால் மிதித்தாலும் இறங்காது. ஹவாய் செருப்பின் முனை பெடலில் மாட்டும். பின்பட்டை உள்ள செருப்போ ஷூவோ போடட்டும். கிளட்சை முழுக்க மிதித்தாலும் முழங்கால் லேசாக மடங்கியிருக்கும்படி சீட்டை வைக்க வேண்டும்.

வீட்டில் இருப்பது ஆட்டோமேட்டிக், பழகியது கியர் வண்டி என்றால் முதல் நாள் தனிக் கவனம் வேண்டும். இடது கால் பழக்கத்தில் கிளட்ச் என்று நினைத்து பிரேக்கை ஓங்கி மிதிக்கும். இடது காலை ஓரத்து ஓய்வு மேடையிலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள்.

ரோட்டின் வரிசை: ஞாயிறு காலை ஆறு மணிக்குக் காலி மைதானம், குடியிருப்புத் தெரு, கடைவீதி, நான்குவழிச் சாலை, இரவு, மழை. நான்குவழிச் சாலையில் மீடியன் இடைவெளியில் எதிர்த்திசையில் வரும் பைக்கைத் தேடக் கண் பழக வேண்டும். இரவில் வேகத்தை விளக்கு வெளிச்சம்தான் தீர்மானிக்க வேண்டும். டிம் விளக்கில் 40, 50 மீட்டர்தான் தெரியும். காய்ந்த ரோட்டில் 60 கி.மீ. வேகத்தில் பார்த்து, யோசித்து, மிதித்து நிற்கச் சுமார் 45 மீட்டர் ஆகும். 80-ல் 70 மீட்டரை நெருங்கும். டிம்மில் 80-ல் போனால், பின்விளக்கு இல்லாமல் ஓரம் நிற்கும் லாரி கண்ணில் பட்டபின் நிற்கவே முடியாது. 60-ல் போகும்போது இரண்டு நொடி போனைப் பார்த்தால் 33 மீட்டர் கண்மூடி ஓட்டியதற்குச் சமம். போனை டேஷ்போர்டு பெட்டிக்குள் போட்டு மூடிவிடுவதே வழி.

லைசென்ஸ் வந்த பிறகும் முதல் ஆறு மாதம் பின்சீட் நிறைய நண்பர்கள் வேண்டாம். இரவு நெடுந்தூரமும் வேண்டாம். மழை இரவு ஒன்றில் ஒரு மணி நேரம், பக்கத்து சீட்டில் இருப்பவர் வாய் திறக்காமலும் ஹேண்ட்பிரேக்கைத் தொடாமலும் வந்து இறங்கினால், மறுநாள் சாவியைத் தனியாகக் கொடுக்கலாம்.