ரெவிட்டில் அளவு மாற்றக்கூடிய ஸ்லாப் ஓபனிங்: பல வருடப் பயன்பாட்டில் கண்டது

கட்டட மாடல் வரையும் மென்பொருளான ரெவிட்டில் ஸ்லாபில் (கான்கிரீட் தளத்தில்) ஓட்டை போடுவது ஒரு பெரிய வேலையே இல்லை. ஸ்லாபைத் தேர்ந்தெடுத்து, எடிட் பவுண்டரிக்குள் போய், உள்ளே ஒரு செவ்வகம் வரைந்து பச்சை டிக்கை அழுத்தினால் முடிந்தது. தலைவலி அதற்கப்புறம்தான். டக்ட்டுக்கு (காற்றுக்குழாய்க்கு) விட்ட 300 மி.மீ. இடம் போதாது, 450 வேண்டும் என்று மெக்கானிக்கல் பக்கத்திலிருந்து சேதி வரும். மறுபடி பவுண்டரிக்குள் போய்க் கோடுகளை இழுக்க வேண்டும். இழுத்த கோடு பக்கத்து ஓட்டையின் கோட்டை வெட்டினால் ஸ்கெட்சை முடிக்கவே விடாது. இதையெல்லாம் பொறுத்துக்கொண்டாலும், அந்த ஓட்டைக்கென்று ஓர் எண்ணோ, யாருக்காக விட்டது என்ற விவரமோ எங்கும் இருக்காது. அது ஸ்லாபின் எல்லைக்கோட்டில் ஒரு பகுதி, அவ்வளவுதான்.

அதனால்தான் ஓபனிங்கை, அதாவது ஓட்டையை, தனி ஃபேமிலியாக (அளவு மாற்றித் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் பொருளாக) வைக்கும் முறைக்கு மாறினேன். ஃபேஸ் பேஸ்டு (ஒரு பரப்பின் மீது உட்காரும்) ஜெனரிக் மாடல் டெம்ப்ளேட்டில் நடுவில் இரண்டு, சுற்றிலும் நான்கு ரெஃபரன்ஸ் பிளேன்கள் (அளவுக்கு வழிகாட்டும் கோடுகள்). நீளம், அகலம் இரண்டும் இன்ஸ்டன்ஸ் பாராமீட்டர்கள், அதாவது ஒவ்வொரு ஓட்டைக்கும் தனித்தனியாக மாற்றக்கூடியவை. டைப் பாராமீட்டராக வைத்தால் ஒன்றை மாற்றும்போது அதே டைப்பில் உள்ள எல்லாம் சேர்ந்து மாறிவிடும். ஓபனிங் விஷயத்தில் அது யாருக்கும் தேவைப்படுவதில்லை. உள்ளே ஒரு வாய்ட் எக்ஸ்ட்ரூஷன் (வெட்டியெடுக்கும் வெற்று வடிவம்), அதன் நான்கு கோடுகளும் பிளேன்களோடு பூட்டப்பட்டிருக்க வேண்டும். கட் ஜியோமெட்ரி கொடுத்து ஹோஸ்ட்டை (ஃபேமிலி உட்காரும் ஸ்லாபை) வெட்டச் சொன்னால் ஃபேமிலி தயார். பிராஜெக்டில் ஏற்றும் முன் 150, 1200 என்று இரண்டு மூன்று அளவுகளைக் கொடுத்து இழுத்துப் பார்ப்பது நல்லது. பிளேன் நகர்ந்து வாய்ட் நின்ற இடத்திலேயே நின்றால், எங்கோ ஒரு பூட்டு விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம்.

மையத்திலிருந்து விரிய வேண்டுமா, ஒரு விளிம்பிலிருந்தா என்பதை ஆரம்பத்திலேயே முடிவு செய்துவிட வேண்டும். குழாய், டக்ட் ஆட்களுக்கு மையக்கோடுதான் வேதம். ஸ்ட்ரக்சுரல் ஆட்களோ பீமின் முகத்திலிருந்து விளிம்பு எவ்வளவு தூரம் என்றுதான் பார்ப்பார்கள். மையத்திலிருந்து விரியும் ஃபேமிலியில் அகலத்தை 300 கூட்டினால் பக்கத்துக்கு 150 போகும். பீமை ஒட்டியிருந்த ஓட்டை பீமுக்குள் நுழைந்துவிடும். நான் இரண்டு ஃபேமிலியாக வைத்திருக்கிறேன். ஒரே ஃபேமிலியில் ஃபார்முலா போட்டு இரண்டையும் செய்யலாம்தான். ஆனால் ஆறு மாதம் கழித்து அதைத் திறப்பவர் பாவம்.

வாய்ட்டின் ஆழம்தான் பலரும் கவனிக்காமல் விடுவது. 200 மி.மீ. என்று ஆழத்தை நிலையாக வைத்திருக்கிறீர்கள், கணக்கு மாறி ஸ்லாப் 250 ஆகிறது என்று வையுங்கள். அடியில் 50 மி.மீ. கான்கிரீட் வெட்டுப்படாமல் நிற்கும். மேலிருந்து பார்க்கும் பிளானில் நான்கு விளிம்பும் அப்படியே தெரிவதால் எளிதில் கண்ணில் படாது. அந்த இடத்தில் செக்‌ஷன் வெட்டினால்தான் அது ஓட்டையல்ல, குழி என்று தெரியும். திட்டத்தில் வரக்கூடிய மிகத் தடிமனான ஸ்லாபைவிடக் கூடுதலாக ஆழம் கொடுத்து வைப்பதே நிம்மதி.

சாய்தளத்தில் இன்னொரு கணக்கு உண்டு. ஃபேஸ் பேஸ்டு வாய்ட் முகத்துக்குச் செங்குத்தாக வெட்டும். குழாயோ நேராகக் கீழே இறங்கும். 1:10 சாய்வு, 200 மி.மீ. ஸ்லாப் என்றால், சாய்வுத் திசையில் 300 விட்ட இடத்தில் குழாய்க்கு நேராகக் கிடைப்பது சுமார் 279 மி.மீ. மட்டுமே. இன்சுலேஷனோடு 280 வரும் குழாய் அதில் போகாது. ராம்ப் போன்ற இடங்களில் ஃபேமிலியை விட்டுவிட்டு, நேராகக் கீழே வெட்டும் வெர்டிகல் ஓபனிங்கையோ, பல மாடிகளைச் சேர்த்து வெட்டும் ஷாஃப்ட்டையோ பயன்படுத்துகிறேன்.

இந்த முறையின் பெரிய பலவீனம் ஹோஸ்ட். ஸ்லாபையும் மேலே வரும் ஸ்க்ரீடையும் (சமன்படுத்தும் பூச்சையும்) தனித்தனித் தளங்களாக மாடல் செய்தால், ஃபேமிலி தான் உட்கார்ந்திருக்கும் ஒன்றை மட்டுமே வெட்டும். ஃபேமிலியில் ‘கட் வித் வாய்ட்ஸ் வென் லோடட்’ டிக் போட்டிருந்தால், கட் கருவியால் மற்றதையும் வெட்டலாம். அதையும் ஒவ்வொன்றாகக் கையால்தான் செய்ய வேண்டும். யாராவது பழைய ஸ்லாபை அழித்துவிட்டுப் புதிதாக வரைந்தால் ஓபனிங்குகள் எல்லாம் அநாதையாக அந்தரத்தில் நிற்கும், பிக் நியூ கொடுத்து ஒவ்வொன்றையும் திரும்ப உட்கார வைக்க வேண்டும். ஸ்லாபை அழிக்காமல் திருத்துங்கள் என்று குழுவில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. லிங்க் செய்த (வேறு கோப்பிலிருந்து இணைத்த) மாடலின் ஸ்லாப் மீதும் ஃபேமிலியை உட்கார வைக்க முடியும், ஆனால் வெட்டாது. அதனால் பிளானில் தெரிய ஒரு பெருக்கல் குறியைச் சிம்பாலிக் லைனாக (வரைபடத்தில் மட்டும் தெரியும் கோடாக) உள்ளே வைத்திருக்கிறேன். மெக்கானிக்கல் மாடலில் அது வெறும் கோரிக்கை. ஸ்ட்ரக்சுரல் மாடலில் வைத்தால்தான் உண்மையான ஓட்டை.

லிஃப்ட், படிக்கட்டு, மாடிக்கு மாடி நேராக ஓடும் டக்ட் இவற்றுக்கு ஷாஃப்ட்டை அடிக்க ஆளில்லை. அடி லெவல், மேல் லெவல் கொடுத்தால் இடையில் உள்ள தளங்கள், சீலிங், கூரை எல்லாவற்றையும் ஒரே வெட்டு. பீமைத் தொடாது. அதுவும் நல்லதுக்குத்தான், மோதல் கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஆனால் நான் பயன்படுத்திய பதிப்புகளில் ஷாஃப்ட்டை ஷெட்யூலில் (ரெவிட் தரும் பட்டியலில்) கொண்டுவர வழியில்லை. என் ஃபேமிலியில் அளவுகள், எந்த சிஸ்டத்துக்கு, ஸ்ட்ரக்சுரல் ஒப்புதல் ஆனதா என்பதெல்லாம் ஷேர்டு பாராமீட்டர்கள் (வெவ்வேறு ஃபேமிலிகளுக்குப் பொதுவான விவரங்கள்). ஷெட்யூலில் ஒப்புதல் ஆகாதவற்றை மட்டும் வடிகட்டி, கூட்டத்துக்கு முன் ஒரு பக்கமாக அச்செடுத்துவிடலாம். இந்த ஒரு பக்கத்துக்காகவே மற்ற தொல்லைகளைச் சகித்துக்கொள்கிறேன்.

வட்டமும் செவ்வகமும் ஒரே ஃபேமிலியில் வேண்டும் என்று ஆசைப்படுபவர்களுக்கு ஒரு விஷயம். வாய்ட்டுக்கு விசிபிள் டிக்கை எடுத்தாலும் அது வெட்டிக்கொண்டேதான் இருக்கும். தேவையில்லாத வாய்ட்டை, இஃப் ஃபார்முலா போட்டு ஸ்லாபின் முகத்துக்கு மேலே தூக்கி நிறுத்துவதுதான் வழக்கமான குறுக்குவழி. அப்படித் தூக்கும்போது அதன் உயரத்தைப் பூஜ்யமாக்கிவிடாதீர்கள், சுமார் 0.8 மி.மீ.க்குக் கீழே ரெவிட் எதையும் வரையாது, பிழை காட்டும். எனக்கு இந்த வித்தை பிடிக்கவில்லை. வட்டத்துக்குத் தனி ஃபேமிலி வைத்துவிட்டேன், ஷெட்யூலில் இரண்டும் சேர்ந்தே வருகின்றன.