வசனம் முணுமுணுப்பு, சண்டை இடி: குன்னூர் தகரக் கூரைக்குக் கீழே மூன்று மழைக்காலம் ஓடிய 5.1 செட்

வால்யூமை ஏற்றினால் சண்டை இடிக்கிறது, இறக்கினால் வசனம் முணுமுணுக்கிறது: இந்தக் கோளாறைச் சரிசெய்வது பற்றித்தான் இது. முதலில் அமைப்பு. அடிசி (Audyssey: மைக் வைத்து அறையை அளந்து ஒலியைச் சரிசெய்யும் வசதி) உள்ள 5.1 ரிசீவர் (ஐந்து ஸ்பீக்கரையும் ஒரு சப்வூஃபரையும் ஓட்டும் பெட்டி), டிவிக்குக் கீழே வசனத்துக்கான சென்டர் ஸ்பீக்கர், பாஸுக்கு (அடியொலிக்கு) 10 இஞ்ச் சப்வூஃபர். 12க்கு 14 அடி ஹால், பலகைத் தரை, மேலே தகர ஷீட், சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீடு. மூன்று மழைக்காலம் ஓட்டிப் பார்த்ததில் தெரிந்தது இதுதான்: மலையில் ஒரே செட்டிங்கை வைத்து வருடம் முழுக்கத் தள்ள முடியாது. மழைக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என்று இரண்டு வேண்டும்.

தியேட்டருக்கு மிக்ஸ் செய்யும்போது ஒவ்வொரு சேனலும் உச்சத்தில் 105 டெசிபல் வரை போக இடம் விடுகிறார்கள். பாஸுக்கென்றே இருக்கும் எல்எஃப்இ சேனலுக்கு 115. வீட்டில் அந்த அளவுக்கு யாரும் வைப்பதில்லை. 20 டெசிபல் குறைத்தால் சண்டை 85க்கு இறங்கும். அதோடு சேர்ந்து கிசுகிசுப்பும் 20 இறங்கி, அறையின் இரைச்சலுக்குள் முழுகிவிடும். ஆகவே வால்யூம் பட்டனில் தீர்வு இல்லை. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைத்தான் சுருக்க வேண்டும். எவ்வளவு என்பதை அறையின் இரைச்சல் முடிவு செய்யும்.

சமவெளியில் ஃபேன் இரைச்சல் வருடம் முழுக்க ஏறக்குறைய ஒன்றுதான். ஃபேனே மாட்டாத குன்னூர் வீட்டில், ஜனவரி இரவில் பாத்திரம் நகர்ந்தால்கூடக் கேட்கும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை ஷீட்டில் அறையும்போது பக்கத்தில் இருப்பவரிடமே கத்தித்தான் பேச வேண்டும். கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்கு இது ஜூனிலேயே தொடங்கிவிடும்.

எந்த செட்டிங்கையும் தொடும் முன் ரிசீவரின் முகப்பில் என்ன சிக்னல் வருகிறது என்று பாருங்கள். டிவியின் ஆடியோ அவுட்புட் பிசிஎம் (சுருக்காத ஒலி) என்று இருந்தால், ஏஆர்சி (டிவி ஒலியை ரிசீவருக்கு அனுப்பும் எச்டிஎம்ஐ) வழியாகவும் ஆப்டிக்கல் வழியாகவும் இரண்டு சேனல்தான் வரும். வசனத்துக்கென்று தனியாக வந்த சென்டர் சேனல் இடது வலதில் கரைந்து போயிருக்கும். அதை 'பாஸ் த்ரூ' அல்லது 'ஆட்டோ' ஆக்கினால் 5.1 அப்படியே வரும். படம் பார்க்கும் ஆப்பில் ஸ்டீரியோ மட்டும்தான் என்றால், ரிசீவரில் டால்பி சரவுண்ட் மோடைப் போடுங்கள். வசனத்தை ஓரளவு சென்டருக்கு இழுத்துத் தரும். டிவி ஸ்பீக்கரில் மட்டும் பார்ப்பவர்கள் இதற்கு நேர்மாறாக, ஆடியோ பட்டியலில் 5.1ஐ விட்டு ஸ்டீரியோ டிராக் இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்துப் பார்க்கலாம்.

அடுத்தது சென்டரின் இடம். அலமாரிக்குள் தள்ளி வைத்தால் குரல் குடத்துக்குள் பேசுவதுபோல் வரும். ஸ்பீக்கரின் முகம் பலகையின் விளிம்புக்கு ஒரு விரற்கடையாவது வெளியே நீட்டிக்கொண்டு இருக்கட்டும். முன்பக்கம் ரப்பர் துண்டு வைத்து, ட்வீட்டர் (கீச்சொலி தரும் சின்ன ஸ்பீக்கர்) காதைப் பார்க்கும்படி சாய்க்க வேண்டும். பழைய பங்களாக்களில் டிவியைக் கணப்புக்கு மேலே மாட்டி, சென்டரையும் அங்கேயே ஏற்றிவிடுகிறார்கள். அங்கே கீழ்நோக்கிச் சாய்ப்பது கட்டாயம்.

அடிசி அளவெடுப்பை மழை இல்லாத நாளில், ஃப்ரிட்ஜையும் நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். தூறலில் செய்தால் பின்னணி இரைச்சல் அதிகம் என்று பாதியிலேயே நின்றுவிடும். நிற்காமல் தப்பித்தவறி முடிந்தாலும் அளவை நம்ப முடியாது. மைக்கை சோபா மேல் போடாமல் காது உயரத்தில் ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும். முடிந்ததும் கிராஸ்ஓவர் (எந்த அளவுக்குக் கீழே ஒலி சப்வூஃபருக்குப் போகும் என்ற எல்லை) 80 ஹெர்ட்ஸில் இருக்கிறதா என்று பார்த்து, சென்டரை மட்டும் 3 டெசிபல் ஏற்றுங்கள். 5க்கு மேல் போனால் குரல் மட்டும் தனியாக ஒட்டவைத்ததுபோல் துருத்திக்கொண்டு நிற்கும். காசு கொடுத்து வாங்கும் அடிசி மொபைல் ஆப் இருந்தால், 'மிட்ரேஞ்ச் காம்பன்சேஷன்' என்பதை அணைத்துவிடுங்கள். அது 2 கிலோஹெர்ட்ஸ் பக்கம் வேண்டுமென்றே ஒரு பள்ளம் போடுகிறது. ச, ட, த எல்லாம் தெளிகிற இடமும் அதுவே. செலவழித்ததில் காசுக்கு மிகவும் தகுந்தது இந்த ஒரு சுவிட்ச்தான்.

மழை செட்டிங்: டைனமிக் வால்யூம் (கிசுகிசுப்புக்கும் சண்டைக்கும் உள்ள இடைவெளியைச் சுருக்கும் அடிசி வசதி) 'மீடியம்', ரெஃபரன்ஸ் ஆஃப்செட் (அடிசி தரும் பாஸ் ஏற்றத்தைத் தணிக்கும் எண்) 5, சென்டர் கூடுதலாக 2. தகரத்தில் விழும் மழையின் சலசலப்பு குரலின் மெய்யெழுத்துகளைத்தான் முதலில் விழுங்கும். அதனால் பாஸை ஏற்றிப் பயனில்லை. கொட்டித் தீர்க்கிற மழைக்கு எந்த செட்டிங்கும் நிற்காது. சப்டைட்டிலைப் போட்டுக்கொள்வதே மேல்.

இரவு செட்டிங்கில்தான் பலர் சறுக்குகிறார்கள். டைனமிக் வால்யூமைப் போட்டால் டைனமிக் ஈக்யூவும் சேர்ந்தே ஓடும். வால்யூம் குறையக் குறைய நம் காதுக்கு பாஸ் குறைவாகக் கேட்பதால், அது பாஸை ஏற்றிக்கொடுக்கும். நமக்கு இதம், ஆனால் லைன் வீட்டுச் சுவரைத் தாண்டிப் போவதும் அந்த பாஸ்தான். ஆஃப்செட்டை 10 அல்லது 15க்கு மாற்றினால் இந்த ஏற்றம் தணியும். சப்வூஃபரை 4 டெசிபல் இறக்கி, டைனமிக் வால்யூமை 'லைட்'டில் விட்டால் வசனமும் கேட்கும், பக்கத்து வீட்டுக் குழந்தையும் தூங்கும். 'ஹெவி' பக்கம் போகவே வேண்டாம். வசனம் நின்ற இடைவெளியில் பின்னணி ஓசை குபுக்கென்று மேலே வந்து, படம் மூச்சு வாங்குவதுபோல் இருக்கும். டிவியின் ஆட்டோ வால்யூமும் கூடவே ஓடினால் இதே கோளாறு இரட்டிப்பாகும்; அதை அணைத்து வையுங்கள்.

அடிசி இல்லாத ரிசீவராக இருந்தால், டால்பி ஆடியோவுக்கு இருக்கும் டைனமிக் கம்ப்ரஷன் அல்லது நைட் மோடை முதலில் முயலலாம். சவுண்ட்பாரில் 'வாய்ஸ்' பட்டனும் சப்வூஃபர் குறைப்பும் போதும். 'வெர்ச்சுவல் சரவுண்ட்' வகையறாவை அணைத்துவிடுங்கள். குரலைக் கலங்கடிப்பதில் பாதி அதன் கைவரிசை.

பலகைத் தரையில் சப்வூஃபரை நேராக வைத்தால் தரையே இன்னொரு ஸ்பீக்கர் ஆகிவிடும். ரப்பர் மேட், அதன் மேல் இரண்டடிக் கடப்பாக் கல், அதன் மேல் சப்வூஃபர்: பாஸின் குமுக்கம் கணிசமாகக் குறைந்தது. அதன் பிறகும் சண்டைக் காட்சியில் எங்காவது கடகடத்தால், 20 முதல் 80 ஹெர்ட்ஸ் வரை ஏறும் டெஸ்ட் டோனை ஓடவிட்டுக் கூரையைக் கவனியுங்கள். பெரும்பாலும் ஷீட்டின் ஜே போல்ட் வாஷர் தளர்ந்திருக்கும். பின்சுவரில் கம்பளி தொங்கவிடுவதாக இருந்தால் சுவரிலிருந்து 4 இஞ்ச் தள்ளித் தொங்கவிடுங்கள். ஒட்டித் தொங்கினால் கீச்சொலியை மட்டும் குடித்துவிட்டு நடு ஓசையை அப்படியே விட்டுவிடும்.

கடைசியாக ஈரம். மழைக்காலம் முடிந்து சென்டர் திடீரென்று மங்கியது என்றால் செட்டிங்கைக் குடையாதீர்கள். ஸ்பீக்கர் ஒயரின் செம்பு முனை பச்சை பூத்திருக்கும். கால் இஞ்ச் வெட்டி, புதிதாக உரித்து, பனானா பிளக் போட்டு முறுக்கினால் போன குரல் திரும்பி வந்துவிடும்.