பேசாதவர்களைப் பாருங்கள்: ‘ட்வெல்வ் ஆங்க்ரி மென்’ புளூ-ரே விமர்சனம்

‘ட்வெல்வ் ஆங்க்ரி மென்’ (1957) பற்றிப் பேச்செடுத்தாலே எல்லோரும் ஹென்றி ஃபோண்டாவில்தான் தொடங்குகிறார்கள். வெள்ளைக் கோட்டு, நிதானமான குரல், பதினொரு பேருக்கு எதிராக ஒற்றை ஆள். சரி, அவர் இல்லாமல் இந்தப் படமே இல்லை. நடித்தது போக, கதையை எழுதிய ரெஜினால்ட் ரோஸோடு சேர்ந்து தயாரித்தவரும் அவரே. ஆனால் கிரைட்டீரியன் நிறுவனம் வெளியிட்டிருக்கும் புளூ-ரேயைப் போட்டு உட்காரும்போதெல்லாம் என் கண் வேறு பக்கம் போய்விடுகிறது. நான் நாடகங்களுக்கு விளக்கு அமைக்கிறவன். வசனம் பேசுகிறவர் எப்படியும் சமாளித்துவிடுவார். வசனமில்லாமல் பக்கத்தில் நிற்கிறவர் அந்த நேரத்தில் என்ன செய்கிறார் என்பதில்தான் ஒரு குழுவின் லட்சணம் தெரியும். அப்படிப் பார்த்தால் ஹாலிவுட்டில் இதற்கு ஈடான கூட்டம் அபூர்வம்.

கதை தெரியாதவர்களுக்கு ஒரு வரி: தந்தையைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட நியூயார்க் பையன் ஒருவனின் உயிர் 12 ஜூரிகள் (தீர்ப்புச் சொல்ல அழைக்கப்பட்ட சாதாரணக் குடிமக்கள்) கையில் இருக்கிறது, அவர்கள் ஓர் அறைக்குள் பூட்டப்படுகிறார்கள். 96 நிமிடப் படத்தில் ஏறக்குறைய மொத்தமும் அந்த அறைக்குள்தான்.

அந்த அறையில் இ.ஜி. மார்ஷலைக் கவனியுங்கள். பங்குத் தரகர் வேடம். வெக்கை தாங்காமல் மற்றவர்கள் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டிருக்க, இவர் மட்டும் மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருப்பார். உங்களுக்கு வியர்க்கவே வியர்க்காதா என்று ஜாக் கிளக்மேன் கேட்கும்போது, இல்லை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார். வெகு நேரம் கழித்து ஃபோண்டா அவரிடம், நீங்கள் சில நாள் முன்பு பார்த்த சினிமாவின் பெயர் என்ன, யார் நடித்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வருவார். மார்ஷலுக்கு ஞாபகம் தடுமாறும். நெற்றியில் வியர்வை தெரியும். கைக்குட்டையை எடுத்து ஒற்றிக்கொள்வார், அவ்வளவுதான். அவருடைய உறுதி ஆட்டம் கண்டுவிட்டது என்று சொல்ல ஒரு வசனமும் இல்லை. பிறகு அவர் கண்ணாடியைக் கழற்றி மூக்கைத் தேய்த்துக்கொள்வதை எதிரில் இருக்கும் கிழவர் ஜோசப் ஸ்வீனி உற்றுப் பார்ப்பார். அந்தச் சின்னச் சைகை கதையை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்பதை நான் சொல்லப்போவதில்லை.

எட் பெக்லி வெறுப்பைக் கொட்டித் தீர்க்கும் காட்சி இன்னொன்று. அவர் கத்திக்கொண்டே இருக்க, ஒருவர் பின் ஒருவராக எழுந்து முதுகைத் திருப்பிக்கொள்கிறார்கள். அவர்கள் முகம் நமக்குத் தெரியாது. ஆனாலும் தோள் எப்படி விறைத்திருக்கிறது, கை எங்கே இருக்கிறது என்பதிலிருந்தே யாருக்குக் கோபம், யாருக்கு வெட்கம் என்று பிரித்துச் சொல்லிவிடலாம். கேட்க ஆளில்லாமல் பெக்லியின் குரல் தானாகத் தேய்கிறது. நடிப்புப் பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு இந்த ஒரு காட்சியைப் போட்டுக் காட்டினாலே பாதி வேலை முடிந்தது.

இது தானாக அமைந்துவிடவில்லை. இயக்குநர் சிட்னி லூமெட் தொலைக்காட்சியிலிருந்து வந்தவர், இதுதான் அவருடைய முதல் சினிமா. படப்பிடிப்புக்கு முன் இரண்டு வாரம் நடிகர்களை உட்கார வைத்து ஒத்திகை பார்த்திருக்கிறார். பட்ஜெட் சுமார் 3,40,000 டாலர், படப்பிடிப்பு மூன்று வாரம் போல. ஒவ்வொரு ஷாட்டுக்கும் விளக்கை மாற்றிக்கொண்டிருந்தால் கட்டுப்படியாகாது. அதனால் ஒரு பக்கம் பார்த்து எடுக்க வேண்டியதையெல்லாம் கதை வரிசை பார்க்காமல் மொத்தமாக எடுத்துவிட்டு, அப்புறம்தான் அடுத்த பக்கம் திரும்பியிருக்கிறார்கள். ஃபோண்டாவும், பையன் குற்றவாளிதான் என்று அடம்பிடிக்கும் லீ ஜே. காப்பும் மோதும் இடத்தில் ஒருவர் முகத்தை எடுத்ததற்கும் மற்றவர் முகத்தை எடுத்ததற்கும் நடுவே பல நாள் இடைவெளி இருக்கலாம். திரையில் அது தெரிகிறதா பாருங்கள்! ஒத்திகையின் பலனும் எடிட்டர் கார்ல் லெர்னரின் கைவண்ணமும் அங்கேதான்.

இனி என் துறை. ஒளிப்பதிவாளர் போரிஸ் காஃப்மன், சோவியத் இயக்குநர் சீகா வெர்தோவின் தம்பி. பிரான்ஸில் இயக்குநர் ழான் விகோவின் படங்களுக்கு ஒளிப்பதிவு செய்தவர், ‘ஆன் த வாட்டர்ஃப்ரண்ட்’ படத்துக்காக ஆஸ்கர் வாங்கியவர். இந்தப் படத்துக்கு அவரும் லூமெட்டும் போட்ட திட்டம் இன்று திரைப்படப் பள்ளிகளில் பாடம். முதல் மூன்றில் ஒரு பங்கை கண் மட்டத்துக்கு மேலிருந்து எடுத்தார்கள், நடுப் பகுதியைக் கண் மட்டத்தில், கடைசிப் பகுதியைக் கீழிருந்து. படம் போகப் போக லென்ஸின் குவிய நீளமும் கூடுகிறது. விளைவு: சுவர்கள் நெருங்கி வருகின்றன, தொடக்கத்தில் கண்ணில் படாத கூரை கடைசியில் தலைமேல் இறங்கிவிடுகிறது. எல்லாம் முடிந்து வெளியே வரும்போது அகலக் கோண லென்ஸ், நாமும் மூச்சு விடுகிறோம்.

எல்லோரும் இந்த லென்ஸ் கதையைச் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது வெளிச்சம் மாறுகிற விதம். புழுக்கமான பிற்பகல், பிறகு மேகம் மூடி அறை மங்குவது, மழை, அப்புறம் யாரோ கூரை விளக்கைப் போடுவது. அந்த விளக்கு எரிந்த பிறகு முகங்களில் விழும் நிழலே வேறு. மென்மையாக இருந்தவர்கள்கூடக் களைத்துப்போனவர்களாகத் தெரிகிறார்கள். அத்தனை நேரம் சுற்றாத மின்விசிறியும் அப்போதுதான் உயிர் பெறுகிறது. கதையை வரிசையாக எடுக்காமலே இந்த மாற்றத்தைத் துல்லியமாகக் கட்டிக்காப்பது எவ்வளவு பெரிய தலைவலி என்று விளக்குக்காரனுக்குத்தான் தெரியும். புளூ-ரேயில் இந்தச் சாம்பல் நிறப் படிகள் நன்றாக வந்திருக்கின்றன. படத்தை வட்டில் வாங்க வேறு காரணமே தேவையில்லை.

குறைகளும் உண்டு. தொடக்கத்தில் பையனின் முகத்தைப் பெரிதாகக் காட்டி, மேலே கெனியன் ஹாப்கின்ஸின் சோக இசையை வழிய விடுவது எனக்குப் பிடிக்கவில்லை. அவன் குற்றவாளியா இல்லையா என்று நாமே குழம்ப வேண்டிய படத்தில் இது முன்கூட்டியே கையைப் பிடித்து இழுப்பது. விளம்பரக்காரராக வரும் ராபர்ட் வெப்பருக்கும் எட்வர்ட் பின்ஸுக்கும் எழுத்திலேயே தீனி கம்மி.

லீ ஜே. காப் விஷயத்தில் எனக்கு இரண்டு மனம். 1949-இல் பிராட்வேயில் ‘டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்’ முதன்முதலில் மேடையேறியபோது வில்லி லோமனாக நடித்தவர் அவர்தான். மகனோடு முட்டிக்கொண்ட தகப்பன் என்பது அவருக்குக் கைவந்த பாத்திரம். கடைசி வெடிப்பில் அந்த மேடை அளவு அப்படியே தெரிகிறது. கேமரா இத்தனை அருகில் இருக்கும்போது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் அதன் முடிவில் மகனின் புகைப்படத்தைக் கிழித்துவிட்டு அவர் உடையும் அந்த ஒரு நொடிக்காக எல்லாவற்றையும் மன்னித்துவிடலாம். (1953-இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் சகாக்களின் பெயர்களைக் கம்யூனிஸ்டுகள் என்று சொன்னவர் காப். கூட்டத்துக்கு எதிராக ஒருவன் நிற்கும் கதையில் அவரைப் பார்ப்பது ஒரு விசித்திரமான அனுபவம்.)

படம் வந்தபோது வசூல் இல்லை. பெர்லினில் தங்கக் கரடி கிடைத்தது. ஆஸ்கரில் படம், இயக்கம், தழுவல் திரைக்கதை என்று மூன்று பரிந்துரை, மூன்றும் ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’க்குப் போய்விட்டன.

கூடுதல் இணைப்புகளில் முக்கியமானது 1954 செப்டம்பரில் சிபிஎஸ் ‘ஸ்டுடியோ ஒன்’ நிகழ்ச்சியில் நேரடியாக ஒளிபரப்பான மூல வடிவம். ரோஸ் தானே ஜூரியாக உட்கார்ந்துவிட்டு வந்து எழுதியது. இயக்கம் ஃபிராங்க்ளின் ஷாஃப்னர், ஃபோண்டாவின் இடத்தில் ராபர்ட் கம்மிங்ஸ், காப்பின் இடத்தில் ஃபிரான்ஷோ டோன். டிவி திரையைப் படம் பிடித்து வைத்த பிரதி என்பதால் மங்கலாகத்தான் இருக்கும். ஒரு மணி நேரத்துக்குள் அடங்க வேண்டியிருந்ததால் ஆட்கள் மனம் மாறும் வேகம் சில இடங்களில் நம்பும்படி இல்லை. அதை முதலில் பார்த்துவிடாதீர்கள், படத்தை முடித்துவிட்டுப் போடுங்கள். கிழவராக ஸ்வீனியும் கடிகாரக்காரராக ஜார்ஜ் வாஸ்கோவெக்கும் இரண்டிலும் அதே வேடத்தில் இருக்கிறார்கள். வாஸ்கோவெக் பிராக் நகர மேடையில் கொடி கட்டிப் பறந்து, நாஜிகளுக்குத் தப்பி அமெரிக்கா வந்தவர். நேரடி ஒளிபரப்பில் அவருக்கு அடுத்த வசனத்துக்கு ஓட வேண்டிய அவசரம் இருக்கிறது. படத்தில் ஜாக் வார்டன் எப்படியாவது வேகமாக முடித்துவிட்டுப் பேஸ்பால் ஆட்டத்துக்கு ஓடத் துடிக்கும்போது, அவரை நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்க வாஸ்கோவெக் எடுத்துக்கொள்ளும் அவகாசத்தை இரண்டிலும் ஒப்பிட்டுப் பாருங்கள். மூன்று வருடத்தில் கூடியிருப்பது நிமிடங்கள் மட்டுமில்லை.