ஜெனோவா: அரண்மனையைவிட அடுப்படி

இரண்டு நாள் இத்தாலியின் துறைமுக நகரமான ஜெனோவாவில் இருந்தேன். மீன் காட்சியகத்துக்குத்தான் எல்லோரும் ஓடுகிறார்கள். நான் போகவில்லை, வரிசையைப் பார்த்ததுமே திரும்பிவிட்டேன்.

பழைய நகரத்துச் சந்துகளை ‘கருஜ்ஜி’ என்கிறார்கள். சில இடங்களில் கையை விரித்தால் இரண்டு பக்கச் சுவரும் தட்டும். அங்கே ஒரு விறகடுப்புக் கடையில் ஃபரினாட்டா சாப்பிட்டேன். கொண்டைக்கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு, அவ்வளவுதான். பெரிய வட்டத் தட்டில் மெல்லிசாக ஊற்றிச் சுடுகிறார்கள். ஓரம் மொறுமொறு, நடுவில் மெத்து. சூடு ஆறினால் சுவை போச்சு, நின்றபடியே சாப்பிட்டுவிடுங்கள். சைவக்காரர்கள் பயப்படாமல் வரலாம். ஆனால் பேசில் இலையை அரைத்துச் செய்யும் பச்சைச் சாஸான பெஸ்டோவில் பாலாடைக்கட்டி உண்டு, வீகன்கள் கேட்டு வாங்கவும். பெஸ்டோ கலந்த ட்ரோஃபியே பாஸ்தாவோடு உருளைக்கிழங்கும் பீன்ஸும் சேர்த்துத் தருவது இந்த ஊர் வழக்கம்.

துறைமுக ஓரத்து உணவகம் ஒன்றில் மட்டும் ஏமாந்தேன். சுமாரான பாஸ்தா, அதற்கு மேல் மேசையில் உட்கார்ந்ததற்கு ஆளுக்கு இவ்வளவு என்று ‘கொபெர்த்தோ’ கட்டணம். மெனுவின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள், பார்க்காதது என் தப்பு.

சான் லொரென்ஸோ தேவாலயத்தை விடாதீர்கள். 1941 பிப்ரவரியில் பிரிட்டிஷ் கப்பற்படை சுட்ட குண்டு ஒன்று வெடிக்காமல் உள்ளே விழுந்தது. அதை அங்கேயே நிற்க வைத்திருக்கிறார்கள்.

ஷாப்பிங்கா? மெர்காத்தோ ஓரியென்டாலே சந்தையில் பைன் கொட்டையும் ஆலிவ் எண்ணெயும் வாங்கினேன். எண்ணெய் பாட்டிலைக் கைப்பையில் வைத்துவிடாதீர்கள், பல விமான நிலையங்களில் பிடுங்கிக்கொள்வார்கள்.