கழுத்து வலியும் அஜீரணமும்: ஆஸ்டியோபதியா, பிசியோதெரபியா?

திருபுவனத்தில் நாள் முழுக்கத் தறியில் குனிந்திருப்பவருக்குக் கழுத்து பிடித்துக்கொள்வது புதிதல்ல. கூடவே நெஞ்சு கரிக்கிறது, நாலு வாய் சாப்பிட்டாலே வயிறு திம்மென்றாகிறது என்றால் யாரிடம் போவது?

ஆஸ்டியோபதி, 1874இல் அமெரிக்கரான ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் தொடங்கிவைத்த கைச்சிகிச்சை. இரண்டு தொல்லையையும் சேர்த்தே பார்க்கும். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் தசையான உதரவிதானத்தை இயக்கும் நரம்பு கழுத்தில்தான் கிளம்புகிறது. இரைப்பைக்குப் போகும் வேகஸ் நரம்பும் கழுத்து வழியாகவே இறங்குகிறது. அதனால் கழுத்து, விலா, மேல்வயிறு என்று மெதுவாக அழுத்தி இளக்குவார்கள். நரம்புக் கணக்கு சரிதான். ஆனால் கழுத்தை இளக்கினால் ஜீரணம் சீராகும் என்பதற்கு வலுவான ஆதாரம் இன்னும் இல்லை. டெல்டாவில் இதை முறையாகப் படித்தவரைத் தேடிப் பிடிப்பதும் கஷ்டம்.

பிசியோதெரபி வயிற்றுப் பக்கம் போகாது. கழுத்துக்கோ உடற்பயிற்சி நன்றாகவே உதவும். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். நடமாட முடியாதவர்களுக்கு, 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வருகிறார்கள்.

என் ஓட்டு பிசியோதெரபிக்கு. சொடக்கு எடுக்கிறேன் என்று கழுத்தை வெடுக்கென்று திருப்புகிறவரிடம் மட்டும் தலையைக் கொடுக்காதீர்கள். ரத்தக்குழாய் கிழியும் ஆபத்து அரிது, ஆனால் உண்டு.

அப்புறம் வயிறு? கழுத்து வலிக்கு மெடிக்கலில் வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக்கே வயிற்றைப் புண்ணாக்கலாம், முதலில் அதைப் பாருங்கள். மலம் கறுத்தால், எடை குறைந்தால், விழுங்கச் சிரமமானால் நேராக டாக்டரிடம். கழுத்து வலி கைக்கு இறங்கி வியர்த்துக் கொட்டினால் 108தான்.