மேல சின்ன எண், கீழ சின்ன எண்: டெஸ்க்டாப் ஆப்புக்கு எந்த வழி சரி?

மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் செம்பனை ஆலை லேப்புக்கோ எஸ்டேட் ஆபீஸ் உரக்கணக்குக்கோ ஒரு ஆப் எழுத உட்கார்ந்தா முதல் ஸ்கிரீன்லயே மேல, கீழ வர்ற சின்ன எண்ண எப்படிக் காட்டுறதுங்கிற பிரச்சினை வந்து நிக்கும். உரத்துல பி₂ஓ₅ (பாஸ்பேட்), கே₂ஓ (பொட்டாஷ்), கழிவுக் குளத்துக்கு மீ³ (கன மீட்டர்), அப்புறம் பிஓடி₃, அதாவது கழிவுநீர்ல உள்ள கிருமிங்க எவ்வளவு ஆக்சிஜன் எடுக்குதுன்னு பாக்குற டெஸ்ட். நம்ம நாட்டுல ஆலைக் கழிவுநீர 30 டிகிரில மூணு நாள் வெச்சுப் பாக்குற கணக்கு அது, மத்த இடத்துல வழக்கமா அஞ்சு நாள், அதனால அந்தக் கீழ் எண் அழகுக்கு இல்ல, அதுதான் எந்த டெஸ்ட்டுன்னே சொல்லுது.

முதல் வழி, யூனிகோட்ல (எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் கொடுத்த தொகுப்பு) ² ₂ மாதிரி தனி எழுத்தாவே இருக்குறத நேரா போடுறது. என் ஓட்டு இதுக்குத்தான். பட்டன், மெனு, விண்டோ தலைப்பு, டேபிள் கட்டம் எங்க போட்டாலும் தெரியும், காப்பி பண்ணாலும் கூடவே வரும். குறை ரெண்டு இருக்கு. ¹ ² ³ மூணும் பழைய லத்தீன்-1 தொகுப்புல இருந்தே வர்றதால அநேகமா எல்லா ஃபான்ட்லயும் இருக்கும், ஆனா ⁴-லேருந்து மேல உள்ளதும் ₂ ₅ மாதிரி கீழ் எண்ணும் சில ஃபான்ட்ல இருக்காது, சிஸ்டம் வேற ஃபான்ட்ல இருந்து எடுத்துப் போடும், அப்போ ஒண்ணு குண்டா ஒண்ணு ஒல்லியா நிக்கும். ரெண்டாவது, எண்கள் பூரா இருக்கு, எழுத்துங்க பூரா இல்ல, ஆங்கில b, c, d-க்கெல்லாம் கீழ்வடிவமே கிடையாது.

அடுத்தது மார்க்அப், அதாவது எழுத்துக்கு நடுவுல டேக்னு குறி போட்டு எது மேல, எது கீழன்னு சொல்றது. க்யூடில (இதுவும் கீழ வர்ற ஸ்விங், ஜிடிகே, டிகிண்டர், வின்ஃபார்ம்ஸும் ஆப்போட ஸ்கிரீன் கட்டுற கருவிங்க) லேபிளுக்கு சப் (கீழ்), சூப் (மேல்) டேக் போட்டா உடனே வேலை செய்யும், ஆனா அதே டேக்க பட்டன்லயோ காம்போ பாக்ஸ்லயோ போட்டா டேக் அப்படியே எழுத்தா தெரியும், டேபிளுக்குத் தனியா டெலிகேட் (கட்டத்த வரையிற கோட்) எழுதணும். ஜாவா ஸ்விங் இந்த விஷயத்துல தாராளம், எச்டிஎம்எல்னு ஆரம்பிச்சா பட்டன்கூட ஏத்துக்கும். ஜிடிகேல பாங்கோ மார்க்அப் இருக்கு. எல்லாத்துலயும் ஒரே ஆபத்து என்னன்னா லேப் ஆளு குறிப்புல "5-க்குக் கீழ"ங்கிறதுக்கு < குறி தட்டிட்டா அத டேக்குன்னு நெனச்சுக்கும், அதனால எஸ்கேப் பண்ணாம (டேக் இல்ல, வெறும் குறின்னு மாத்தி எழுதாம) எதையும் உள்ள விடாதீங்க. இதவிட மோசம், 10³-ன்னு ஸ்கிரீன்ல தெரியுறத காப்பி பண்ணி வெறும் டெக்ஸ்ட்டா ஒட்டினா 103 ஆயிடும். ஆயிரம் நூத்தி மூணா மாறினத ரிப்போர்ட்ல யாரு கண்டுபிடிப்பா சொல்லுங்க. யூனிகோட் வழியிலயும் என்எஃப்கேசி நார்மலைஸ் (இந்த மாதிரி எழுத்துங்கள சாதா வடிவத்துக்கு மாத்துறது) பண்ணா இதே கதிதான், அந்த ஃபங்ஷன கணக்கு டேட்டா பக்கம் கொண்டுபோகவே வேணாம்.

டிகிண்டர், வின்ஃபார்ம்ஸ் ஆளுங்களுக்கு சாதா லேபிள்ல மார்க்அப்பே கிடையாது. டிகிண்டர்ல டெக்ஸ்ட் விட்ஜெட் டேக்குக்கு ஆஃப்செட் (எழுத்த மேல, கீழ நகர்த்துற அளவு) கொடுக்கலாம், வின்ஃபார்ம்ஸ்ல ரிச்டெக்ஸ்ட்பாக்ஸ்ல கேரக்டர் ஆஃப்செட். ஒரு மீ³-க்காக ஒரு எடிட்டரையே லேபிள் இடத்துல உட்கார வைக்கிறது எனக்குப் பிடிக்கல. கடைசி வழி, எண் எங்க, எந்த அளவுல வரணும்னு நாமே கோட் எழுதிக் கையால வரையிறது, அது சூத்திரம் நெறைய உள்ள ஆப்புக்கு மட்டும் சரி.

நம்ம கோயில்கள்ல புரொஜெக்டர்ல சுலோகம் காட்டுற ஆப்னா பேச்சே இல்ல, யூனிகோட்தான். சமஸ்கிருத உச்சரிப்பக் காட்ட ப⁴க்தி, பு³த்³தி⁴-ன்னு எழுதுறப்ப ஒரே சொல்லுக்குள்ள மூணு மேல் எண் வருது, அத டேக்ல எழுதினா படிக்கவே முடியாது. சாதா 4-அ சூப் டேக்ல போட்டு ப-வுக்கும் காலுக்கும் நடுவுல நுழைச்சீங்கன்னா எழுத்து உடைஞ்சு கால் தனியா புள்ளி வட்டத்தோட நிக்கும், பா⁴-ன்னு முழு எழுத்துக்கு அப்புறம் போடுங்க. தேடுறப்ப மட்டும் ² ³ ⁴ மூணையும் எடுத்துட்டு ஒப்பிடுங்க, பக்தின்னு தட்டுற பாட்டிக்கும் ப⁴க்தி கிடைக்கணும் லா. இந்த மூணு எண்ணும் நல்லா இருக்குற தமிழ் ஃபான்ட் ஒண்ணையும் ஆப்போடவே சேர்த்து அனுப்பிடுங்க, ஒவ்வொரு கோயில் கம்ப்யூட்டர்லயும் என்ன இருக்குன்னு நம்பிட்டு இருக்க முடியாது.